அளந்து வாங்கிய சரக்குக்கு இரண்டாம் விலை
செல்போன் ஹாட்ஸ்பாட்: கட்டணமும் காவலும்



ஒரு மூட்டை அரிசியை எடை போட்டு, பில் எழுதி, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அத்தோடு நம் வியாபாரம் முடிந்தது. வாங்கியவர் அதைச் சோறாக்குவாரா, இட்லிக்கு ஊறப் போடுவாரா, பக்கத்து வீட்டுக்கு இரண்டு படி அளந்து கொடுப்பாரா என்பது அவர் பாடு. "சோறாக்கினால் ஒரு விலை, மாவாட்டினால் இன்னொரு விலை" என்று நாம் கேட்டால் கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் அப்படி ஒரு விலையைச் செல்போன் கம்பெனிகள் கேட்டதுண்டு. அமெரிக்காவில் பல ஆண்டுகள் கேட்டு வாங்கியதும் உண்டு. அதற்குப் பெயர்தான் ஹாட்ஸ்பாட் கட்டணம்.

அந்தக் கதையை இங்கே மளிகைக் கடையும் மண்டியும் நடத்தும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இரண்டு. ஒன்று, இன்று நம் கடைகளின் அவசர வேலை பலவும் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகிறது. அதற்குத் தனி விலை வந்தால் முதலில் கை வைப்பது நம் கல்லாவில்தான். இரண்டு, காசு கேட்காத பொருளுக்குக் காவலும் வேண்டாம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. கட்டணத்தைவிடப் பெரிய நஷ்டம் அந்த வழியில் வரக்கூடும்.

ஹாட்ஸ்பாட் என்பது என்ன?

விவரம் அறியாத அன்பர்களுக்காக இரண்டு வரி. நம் கையில் உள்ள செல்போன், சிம் கார்டு மூலம் இணையத்தைப் பெறுகிறது. அந்த இணையத்தை அது தானே ஒரு சிறு வைஃபை பெட்டி போல மாறி, அருகில் உள்ள கம்ப்யூட்டருக்கோ, ஸ்வைப் மெஷினுக்கோ, வேறு போனுக்கோ பகிர்ந்து கொடுப்பதுதான் ஹாட்ஸ்பாட். கம்பி தேவையில்லை. பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால் போதும்.

பழைய ஆட்களுக்கு எளிதாகப் புரிய வேண்டுமானால் பி.பி. நம்பரை நினைத்துக்கொள்ளலாம். தெருவில் ஒரு கடையில் மட்டும் டெலிபோன் இருந்த காலத்தில், அந்த நம்பரையே தெருவில் பாதிப் பேர் தங்கள் விலாசத்தில் அச்சடித்து வைத்திருந்தோம். போன் வந்தால் கடைப் பையன் ஓடிவந்து கூப்பிடுவான். ஒரு டெலிபோன், பல வீடுகள். மீட்டர் ஓடிய அளவுக்குத்தான் பில் வந்தது. யார் பேசினார்கள் என்று பார்த்துத் தனிக் கட்டணம் வந்ததில்லை.

இன்று நம் கடைகளில் நடப்பதைப் பாருங்கள். சாலையைத் தோண்டியதில் பிராட்பேண்ட் கம்பி அறுந்துவிடுகிறது. அல்லது மின்சாரம் போய் மோடம் நின்றுவிடுகிறது. வாசலில் லாரி கிளம்பத் தயாராக நிற்கிறது. ஈ-வே பில் இல்லாமல் வண்டியை அனுப்பினால் வழியில் அபராதம். அந்த நேரத்தில் கணக்குப்பிள்ளை திரும்பி, "அண்ணாச்சி, கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்க" என்கிறார். முதலாளியின் போன் ஐந்து நிமிடத்தில் லாரியை நகர்த்திவிடுகிறது. பல சிறு கடைகளில் பிராட்பேண்டே கிடையாது. போனில் போட்ட ரீசார்ஜ்தான் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் ஜி.எஸ்.டி. கணக்குக்கும் சேர்த்து.

அமெரிக்காவில் நடந்தது

2010 ஜூன் மாதம் அமெரிக்காவின் பெரிய செல்போன் கம்பெனிகளில் ஒன்றான ஏ.டி. அண்ட் டி., புதிய ஐபோன் வாடிக்கையாளர்களுக்கு அளவில்லாத் திட்டத்தை நிறுத்தி, அளந்து விற்கும் திட்டத்துக்கு மாறியது. மாதம் 200 எம்.பி. டேட்டாவுக்கு 15 டாலர், 2 ஜி.பி.க்கு 25 டாலர். இதுவரை நியாயமான வியாபாரம்தான். அதே நேரத்தில் இன்னொன்றையும் சேர்த்தார்கள். வாங்கிய டேட்டாவைக் கம்ப்யூட்டருக்குப் பகிர வேண்டுமானால் மாதம் 20 டாலர் கூடுதல். அந்த 20 டாலருக்கு ஒரு துளி டேட்டாகூட அதிகம் கிடையாது. அதே 2 ஜி.பி.தான். மொத்தம் 45 டாலர் கொடுத்தவரும் 25 டாலர் கொடுத்தவரும் ஒரே அளவு சரக்கைத்தான் எடுத்துச் சென்றார்கள். மறு ஆண்டு, எதிர்ப்புக்குப் பிறகு, 45 டாலருக்கு 4 ஜி.பி. என்று மாற்றினார்கள். இன்னொரு பெரிய கம்பெனியான வெரைசனும் ஹாட்ஸ்பாட்டுக்கு மாதம் 20 டாலர் தனியாக வாங்கி வந்தது.

கம்பெனிகள் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்த வியாபாரியின் கணக்கையும் ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. பழைய வாடிக்கையாளர்கள் பலர் அளவில்லாத் திட்டத்தில் இருந்தார்கள். ஹோட்டலில் முழுச் சாப்பாடு போடும்போது, ஒரு ஆள் எவ்வளவு சாப்பிடுவார் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் விலை போடுகிறார்கள். ஒரு டோக்கன் வாங்கியவர் தூக்குவாளியை நீட்டி, வீட்டில் உள்ள ஐந்து பேருக்கும் கேட்டால் கடை தாங்காது. சிறிய போன் திரையில் பார்ப்பவர் செலவழிக்கும் டேட்டாவும், கம்ப்யூட்டரில் பார்ப்பவர் செலவழிக்கும் டேட்டாவும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆகவே அளவில்லாத் திட்டத்தில் பகிர்வதற்கு ஒரு வரம்பு வைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அளவுச் சாப்பாட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. இரண்டு கிலோ எடை போட்டு வாங்கியவரிடம் "யார் சாப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. 2 ஜி.பி. தீர்ந்தால் அவரே மறுபடி வந்து வாங்கப்போகிறார். கம்பெனிக்கு அதில் நஷ்டம் எங்கே? வியாபாரம் அதிகம்தானே! இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தெளிவாகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

போனுக்குள் நடக்கும் பகிர்வு டவரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். வழிகள் உண்டு.

முதல் வழி, போனையே கேட்பது. ஹாட்ஸ்பாட் பொத்தானை அழுத்தியதும், "இவர் அதற்குப் பணம் கட்டியிருக்கிறாரா?" என்று போனே கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் விசாரிக்கும். இல்லை என்று பதில் வந்தால் பொத்தான் வேலை செய்யாது. போனைக் கம்பெனியே விற்கும் நாடுகளில் இப்படி ஏற்பாடு செய்துகொள்வது எளிது.

இரண்டாவது வழி செக்போஸ்ட் போன்றது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் மேலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். பொட்டலம் வழி தெரியாமல் காலமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்த எண் அது. போன்கள் சாதாரணமாக 64 என்று ஒட்டி அனுப்பும். வழியில் ஒவ்வொரு சாவடியைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும். போனிலிருந்து நேராகப் புறப்பட்ட பொட்டலம் டவருக்கு 64 என்ற எண்ணோடு வரும். இன்னொரு போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வழியாக வந்தது என்றால் 63 என்று இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் 128 என்று ஒட்டுவதால் அது 127 ஆக வரும். சீட்டைப் பார்த்த மாத்திரத்தில், "இந்தச் சரக்கு வேறு கிடங்கிலிருந்து ஏறியது" என்று தெரிந்துவிடும்.

பின்வாசல் திறந்த கதை

கட்டணம் நியாயமில்லை என்று மக்கள் நினைத்தால் என்ன செய்வார்கள் என்பது வரி விஷயத்தில் நாம் அறியாததா? அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. கம்பெனிக்குத் தெரியாமல் ஹாட்ஸ்பாட் போடும் செயலிகள் கிளம்பின. ஆண்ட்ராய்டு போனில் இறக்கிக்கொண்டால் போதும். ஐபோனில் அதற்குப் பூட்டை உடைக்க வேண்டும். தயாரித்த கம்பெனி போட்ட பாதுகாப்பை நீக்கிவிட்டு, வெளியார் செயலிகளை ஏற்றிக்கொள்வதற்குத்தான் பூட்டு உடைப்பு என்று பெயர். 2011 மார்ச் மாதம், இப்படிக் கட்டணம் கட்டாமல் பகிர்ந்தவர்களுக்கு ஏ.டி. அண்ட் டி. அறிவிப்பு அனுப்பியது. நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் 45 டாலர் திட்டத்துக்கு நாங்களே மாற்றிவிடுவோம் என்பது அதன் சாரம்.

பூட்டு உடைத்த போன்களுக்கு என்ன ஆபத்து வரும் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒரு புழு நிரல் பரவியது. பூட்டு உடைத்த ஐபோன்கள் பலவற்றில் வெளியிலிருந்து நுழைய ஒரு வாசலும், எல்லா போனுக்கும் ஒரே மாதிரியான ஒரு பாஸ்வேர்டும் இருந்தன. அதை மாற்றாமல் விட்டவர்களின் போனுக்குள் அந்தப் புழு புகுந்து, திரையில் உள்ள படத்தை மாற்றியது. அது விளையாட்டாகப் போயிற்று. அதே மாதத்தில் அதே வாசல் வழியாக இன்னொரு புழு வந்தது. அது நெதர்லாந்தில் ஒரு பாங்கின் இணைய வாடிக்கையாளர்களைக் குறிவைத்துத் திருட வந்தது.

முன்வாசலில் அநியாய விலை வைத்தால் ஜனங்கள் பின்வாசலைத் தேடுவார்கள், திருடன் காத்திருப்பதும் பின்வாசலில்தான். ஹாட்ஸ்பாட் கட்டணம் என்பது வெறும் 20 டாலர் சமாச்சாரம் அல்ல, பாதுகாப்பு சமாச்சாரமும்கூட என்று நாம் சொல்வது இதனால்தான்.

தீர்ப்பு

அமெரிக்காவில் தகவல் தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் எஃப்.சி.சி. என்பது. 2008-ல் அது அலைக்கற்றையை ஏலம் விட்டபோது, ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தது. அந்த அலைக்கற்றையை எடுப்பவர், வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த கருவியையும் செயலியையும் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது. அந்த ஏலத்தில் மொத்தம் சுமார் 936 கோடி டாலருக்கு எடுத்த வெரைசன், நிபந்தனைக்கு உட்பட்ட பகுதியையும் சேர்த்துத்தான் எடுத்தது.

பின்னர் கூகுளின் செயலிக் கடையில் ஹாட்ஸ்பாட் செயலிகள் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் வெரைசன் தடுத்தது என்று 2011-ல் ஃப்ரீ பிரஸ் என்ற பொதுநல அமைப்பு புகார் செய்தது. ஆணையம் விசாரித்தது. 2012 ஜூலை 31-ம் தேதி சமரசம் அறிவிக்கப்பட்டது. வெரைசன் 12 லட்சத்து 50 ஆயிரம் டாலரை அரசுக் கருவூலத்துக்குச் செலுத்த ஒப்புக்கொண்டது. அளந்து வாங்கும் திட்டத்தில் உள்ளவர்கள் எந்தச் செயலியை வைத்தும் கூடுதல் கட்டணம் இல்லாமல் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் ஆயிற்று.

அத்தனை பெரிய கம்பெனிக்கு அந்தத் தொகை கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆனால் அளந்து விற்ற சரக்குக்கு இரண்டாம் விலை கூடாது என்ற கொள்கை எழுத்தில் வந்தது பெரிய விஷயம். அதே கோடையில் வெரைசனும் ஏ.டி. அண்ட் டி.யும் கொண்டுவந்த புதிய பகிர்வுத் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று அங்கே அளவில்லாத் திட்டங்களில், ஹாட்ஸ்பாட்டுக்கு இத்தனை ஜி.பி. என்று ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் வேகத்தைக் குறைக்கும் முறை பரவலாக இருக்கிறது. முழுச் சாப்பாட்டுக்குப் பார்சல் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் தினம் 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று அளந்து கொடுக்கும் சாதாரணத் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு என்று தனிக் கட்டணம் வாங்கும் வழக்கம் இல்லை. இதற்காக மகிழலாம், ஆனால் கண்ணயர்ந்துவிடக் கூடாது.

2014 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனி, இணையம் வழியாகப் பேசும் பேச்சுக்குத் தனி டேட்டா விலை என்று அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே சில நாட்களில் திரும்பப் பெற்றது. அதுவும் இரண்டாம் விலைதான். வாங்கிய டேட்டாவில் பாட்டுக் கேட்டால் ஒரு விலை, பேசினால் இன்னொரு விலை. 2016 பிப்ரவரி 8-ம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று விதி செய்தது. மீறினால் நாள் ஒன்றுக்கு 50,000 ரூபாய், உச்ச வரம்பு 50 லட்சம் ரூபாய். 2018-ல் மத்திய அரசு இணையச் சமத்துவக் கொள்கையை ஏற்று, ஆளைப் பார்த்தும் பயன்படுத்தும் கருவியைப் பார்த்தும் தகவலைத் தடுப்பதோ தாமதப்படுத்துவதோ கூடாது என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது.

கவனித்துப் படித்தால் ஒரு சந்து தெரியும். 2016 விதி விலையைப் பற்றியது, ஆனால் அது பேசுவது உள்ளடக்கத்தை. 2018 நிபந்தனை கருவியைப் பற்றியும் பேசுகிறது, ஆனால் அது தகவலை நடத்தும் முறைக்கு. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி விலை கூடாது என்று பெயர் சொல்லி எழுதிய வரி இரண்டிலும் இல்லை. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றியதை நாம் பார்த்தோம். அடுத்த முறை விலையை நேராக ஏற்றாமல் இப்படிச் சந்து வழியாக ஏற்றப் பார்த்தால் வணிகர் சங்கங்கள் வாய்மூடி இருக்கலாகாது. டிராய் புதிய விதி செய்யுமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுக் கலந்தாய்வுத் தாள் வெளியிடுவது வழக்கம். அதற்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு மாவட்டச் சங்கம் தன் முகப்புத்தாளில், உறுப்பினர் கடைகள் எத்தனை ஒரே சிம்மில் பில் போடுகின்றன என்று கணக்கு எடுத்து எழுதினால் அதற்கு எடை உண்டு.

அளவில்லாத் திட்டம் எடுப்பவர்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மட்டும், வணிக உபயோகத்துக்கு அல்ல என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைக்கென்று எடுப்பதானால் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, போஸ்ட்பெய்டு இணைப்பாக எடுப்பது நல்லது. காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளீட்டு வரி வரவும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் கடையின் திறந்த கதவு

இப்போது காவல் விஷயம். பழைய டெலிபோனில் சுழற்றும் வட்டத்தின் துளையில் ஒரு சிறு பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம். ஏன்? நாம் இல்லாத நேரத்தில் யாரோ டெல்லிக்குப் பேசிவிட்டால் பில் நம் பெயருக்கு வரும் என்பதால். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு என்பது அந்தப் பூட்டுதான். அதன் சாவியை எப்படி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமது மண்டித் தெருவில் ஒரு கடையில் பாஸ்வேர்டு கேட்டால், பேசாமல் பெயர்ப்பலகையைக் காட்டுவார்கள். பலகையில் உள்ள போன் நம்பர்தான் பாஸ்வேர்டு! அந்தக் கடையில் பில் போட வரும் லைன் சேல்ஸ்மேன், மூட்டை இறக்கும் தொழிலாளி, எதிர்க்கடைப் பையன் எல்லோருடைய போனும் அதில் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் மாலை மூன்று லாரிகளுக்கு ஈ-வே பில் எடுக்க வேண்டிய நேரத்தில் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்து, கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. யாரோ வாசலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள். அன்று போனது டேட்டாவும் இரண்டு மணி நேரமும் மட்டும். அதைவிடப் பெரிதாகவும் போயிருக்கலாம்.

எப்படி என்றால், நம் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த ஒருவர் நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்த மாதிரி. கணக்கு மென்பொருள் உள்ள ஃபோல்டரை இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாகப் பகிர்ந்து, பாஸ்வேர்டு போடாமல் வைத்திருக்கும் கடைகள் பல. யார் யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கிறோம், யார் எவ்வளவு பாக்கி என்ற பேரேடு முழுவதும் அங்கே இருக்கிறது. கூடத்துக்குள் வந்தவருக்கு அலமாரியைத் திறக்க எவ்வளவு நேரமாகும்?

பாஸ்வேர்டு பற்றி ஒரு கணக்கு. 2013-ல் ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஐபோன் தானாகவே உருவாக்கிக் கொடுத்த ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டுகளை ஆராய்ந்தார்கள். அவை ஒரு சிறிய ஆங்கிலச் சொல், அதன் பின் நான்கு இலக்கம் என்ற அமைப்பில் இருந்தன. பயன்பட்ட சொற்கள் மொத்தம் 1,842 மட்டுமே என்று கண்டார்கள். நான்கு இலக்கத்துக்குப் பத்தாயிரம் வகை. பெருக்கினால் 1 கோடியே 84 லட்சத்துச் சொச்சம். நமக்கு அது பெரிய எண். வேகமான கம்ப்யூட்டருக்கு அது 50 விநாடிக்கும் குறைவான வேலை. பிறகு வந்த மென்பொருளில் அந்த முறை மாற்றப்பட்டது. உலகப் பெயர் பெற்ற கம்பெனி அமைத்த பாஸ்வேர்டுக்கே அந்தக் கதி என்றால், கடைப் பெயரும் 123-ம் சேர்த்துப் போட்ட பாஸ்வேர்டு எத்தனை விநாடி தாங்கும்?

பெயர் நம்முடையது, பழியும் நம்முடையது

2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சற்று முன் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து கிளம்பியது என்று போலீசார் தேடிப்போனபோது, நவி மும்பையில் ஒரு குடியிருப்பு வீட்டில் போய் நின்றார்கள். அங்கே வசித்தவருக்கும் அந்தக் கொடுமைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவருடைய வைஃபை பூட்டில்லாமல் இருந்தது. யாரோ வெளியிலிருந்து அதைப் பயன்படுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் விசாரணையும் கம்ப்யூட்டர் பறிமுதலும் ஊர்ப்பேச்சும் அவருக்கு வந்தன. இந்த வழக்குகளுக்குப் பிறகுதான் வைஃபையைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை நாடு முழுவதும் எழுந்தது.

நம் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த ஒருவர் ஆன்லைன் மோசடி செய்தால், தகாததை அனுப்பினால், தடம் போய் நிற்பது நம் சிம் கார்டின் பெயரில்தான். நாம் குற்றவாளி இல்லை என்று முடிவில் தெரியலாம். அதற்குள் கடை எத்தனை நாள் மூடிக் கிடக்கும், வாடிக்கை எத்தனை பேர் ஒதுங்குவார்கள் என்பதை வியாபாரியைத் தவிர வேறு யார் அறிவார்? நாற்பது ஆண்டு சேர்த்த பெயர் ஒரு மாலையில் போய்விடக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் இணையம் வேண்டுமானால் வைஃபையே வேண்டாம். சார்ஜ் போடும் டேட்டா கேபிளை கம்ப்யூட்டரில் செருகி, போனில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால் போதும். வெளியார் யாரும் சேர முடியாது. போனும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

2. ஹாட்ஸ்பாட் போடுவதானால் பாஸ்வேர்டு பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம். போன் நம்பர், கடைப் பெயர், வண்டி நம்பர், பிள்ளைகள் பெயர் கூடாது.

3. பாதுகாப்பு வகை டபிள்யு.பி.ஏ.2 அல்லது டபிள்யு.பி.ஏ.3 என்று இருக்கிறதா பாருங்கள். பாதுகாப்பு இல்லை என்பதை ஒருபோதும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

4. ஹாட்ஸ்பாட்டின் பெயரில் கடைப் பெயரோ முதலாளி பெயரோ வேண்டாம். இது யாருடையது என்று தெருவுக்கு அறிவிப்பானேன்?

5. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். யாரும் பயன்படுத்தாவிட்டால் தானே அணையும் வசதி பல போன்களில் உண்டு. எத்தனை கருவிகள் சேர்ந்துள்ளன என்ற பட்டியலும் அதே இடத்தில் தெரியும். தினம் ஒரு முறை கல்லா எண்ணுவது போல அதையும் பாருங்கள்.

6. வேலையாள் ஒருவர் நின்றுவிட்டால் கடைச் சாவியைத் திரும்ப வாங்குவது போல, அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அவர் மேல் சந்தேகம் என்று பொருள் அல்ல. அவருக்கும் அது நல்லதுதான்.

7. விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்த இணைப்பைப் பொது இணைப்பு என்று குறித்து வையுங்கள். ஃபோல்டர் பகிர்வு அடைபடும். அளவுள்ள இணைப்பு என்றும் குறித்துவிட்டால், கம்ப்யூட்டர் தன் புதுப்பிப்புகளை இறக்கி அன்றைய டேட்டாவைத் தின்று தீர்க்காது.

8. பஸ் நிலையத்திலும் ஹோட்டலிலும் பூட்டில்லாத இலவச வைஃபையில் சேர்ந்து பாங்க் வேலை பார்க்க வேண்டாம். அதே பெயரில் இன்னொருவர் பொய்யாக ஒரு வைஃபை வைத்தால் நம் போன் வித்தியாசம் தெரியாமல் சேர்ந்துவிடும். அங்கெல்லாம் சொந்த டேட்டாதான் பத்திரம். பாங்க் பக்கத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாமல் அப்படியே மூடிவிடுங்கள்.

9. இலவச ஹாட்ஸ்பாட், அளவில்லாத டேட்டா என்று ஆசை காட்டும் செயலிகளை வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் ஏற்றக் கூடாது. ஹாட்ஸ்பாட் போட எல்லா போனிலும் வசதி உள்ளேயே இருக்கிறது. வெளிச் செயலி கேட்பது நம் ஓ.டி.பி.யையும் சேர்த்துத்தான்.

வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் அனுப்ப முடியாமல் தவிக்கும்போது ஹாட்ஸ்பாட் கொடுப்பது தவறா என்று சிலர் கேட்கிறார்கள். தவறில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது நம் கடைத்தெரு தர்மம். ஆனால் பாஸ்வேர்டைச் சொல்லாமல் நாமே அவர் போனில் போட்டுக் கொடுத்து, பணம் வந்ததும் இணைப்பை நீக்கிவிடலாம். பெரும்பாலான கடைகளில் அது மாதம் இரண்டு மூன்று தடவைகூட வராது. அடிக்கடி தேவைப்படும் கடைக்காரர்கள், கணக்கு எதுவும் இல்லாத பழைய போன் ஒன்றில் குறைந்த விலை சிம் போட்டுத் தனியாக வைத்துக்கொள்வது மேல்.

அளந்து வாங்கிய சரக்கு நம்முடையது. அதற்கு இரண்டாம் விலை கேட்டால் ஒன்றுகூடி மறுப்பது நம் உரிமை. அந்தச் சரக்கைப் பூட்டி வைப்பதும் நம் கடமை. எடைக்கல்லில் ஏமாறாத வணிகர் கதவைத் திறந்து போட்டு ஏமாறலாகாது. இந்த இதழைப் படித்து முடித்ததும் போனை எடுத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டு என்ன என்று ஒரு முறை பாருங்கள். அது உங்கள் கடைப் பலகையில் எழுதியிருப்பதுதான் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.